நிறம் வரக்கூடாத துண்டு

ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். எலி மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏற்றுவோம். கோவையில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்கள் அவை.

அமிக்டலா என்று மூளைக்குள் ஒரு பகுதி. பாதாம் பருப்பு அளவுதான், மனிதருக்கு. எலிக்கு அதைவிட எவ்வளவோ சிறியது. பயம் தொடர்பான வேலைகள் அங்கே நடக்கின்றன. அங்குள்ள சில நரம்பு செல்கள் சொமாட்டோஸ்டாடின் என்ற நியூரோபெப்டைடை, அதாவது செய்தி கடத்தும் ஒரு சிறு புரதத்தை, வைத்திருக்கும். அதில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு நிறமேற்றினால் அவை மட்டும் பழுப்பாகத் தெரியும். பயமுறுத்தி வளர்த்த எலிகளிலும் சாதாரண எலிகளிலும் அவற்றை எண்ணி ஒப்பிடுவதுதான் என் தீசிஸ்.

கூட இருந்தவள் கவிதா, லேப் டெக்னீஷியன். சோமனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். பேச்சு குறைவு.

எண்ணி முடித்தபோது பயந்த எலிகளில் செல்கள் அதிகம் என்று வந்தது. நான் எதிர்பார்த்ததும் அதுவே. ஈரோட்டில் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது, தீசிஸ் கொடுத்தால் சேரலாம்.

சரிபார்ப்பதற்காக, ஆன்டிபாடி மட்டும் போடாமல் மற்ற எல்லாம் செய்த கன்ட்ரோல் துண்டு என்று ஒன்று உண்டு. அதில் நிறமே வரக்கூடாது. கடைசியாகத்தான் அதைப் பார்த்தேன்.

பழுப்புப் புள்ளிகள்... நிறைய.

அந்த ஸ்லைடை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டாமல் மூடினேன். கவிதா அப்போது பக்கத்தில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் தீசிஸ் டைப் செய்தேன். நான்காம் நாள் காலை போனால், மைக்ரோஸ்கோப்பில் அந்த ஸ்லைடு.

"ஏனுங்க ரேவதி, இதைய எண்ணாம உட்டுட்டீங்க."

"அது கன்ட்ரோல், கவிதா."

"தெரியுமுங்க. அதுனாலதான் வெச்சேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை நரம்பு செல்களே அல்ல, இரத்த அணுக்கள். ஆன்டிபாடி இல்லாமலே அவை பழுப்பாகிவிடும்; அதைத் தடுக்கத்தான் முதலில் பெராக்சைடு ஊற்றுவோம். நான் ஊற்றிய பெராக்சைடு பழையது. அது அவற்றை அடக்காமல் விட்டிருக்கிறது. பயந்த எலிகளின் மூளைகளை நான் அவசரத்தில் சரியாக இரத்தம் போகக் கழுவவில்லை. அங்கேதான் புள்ளிகள் அதிகம். என் முடிவு முழுக்க, செல் என்று நான் எண்ணிய அந்தப் புள்ளிகள்தான்.

மதியம் என் தீசிஸ் கைடு மேடத்திடம் சொன்னேன், டிராயர் விஷயம் உட்பட.

"மிச்சத் துண்டு இருக்குதா, அம்மணி?"

"இருக்குதுங்க மேடம்."

"செரி. மறுக்காச் செஞ்சு போடு."

ஆறு மாதம் ஆயிற்று. கவிதா புது பெராக்சைடு கலந்து தந்தாள், தனியாக ஒரு எண்ணிக்கையும் எடுத்தாள். இந்த முறை செல்கள் கிளைகளோடு தெளிவாக நின்றன. இரண்டு வகை எலிகளுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஈரோட்டு வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. எனக்கு வேலை கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று.

கவிதா இப்போது உடுமலையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். போன மாதம் போனில் பேசியபோது கேட்டேன், நான் ஸ்லைடை ஒளித்த அன்றே நீ மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று.

"நீங்களே சொல்லிப்போடுவீங்கன்னு இருந்தேனுங்க."

இப்போது என் மாணவர்களுக்குச் செல்களைக் கம்ப்யூட்டரே எண்ணித் தருகிறது. நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, தவறும் குறைவு. ஆளுக்கொரு ஸ்கிரீன், காதில் இயர்போன்... பக்கத்தில் இருப்பவர் எதை ஒதுக்கி வைத்தார் என்று யாருக்கும் தெரிய வழியில்லை.