பிந்தி வந்தவர்கள் பற்றிய ஓர் ஆய்வு

மெல்பேர்ணில் ட்ரெயின் நான்கு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்கிறார்கள். என்னோடு படிப்பிக்கும் மார்க், கூட்டத்துக்கு அரைமணி நேரம் பிந்தி வந்து, "ட்ரெயின்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கோப்பியோடு உட்கார்ந்துவிடுவான். மேற்கொண்டு ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிந்தி வந்தவன் சொல்வதை நம்புகிற ஊரில் அவன் பிறந்திருக்கிறான், அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் நான் கொழும்பில் முகாமைத்துவத் துறை உதவி விரிவுரையாளர். ஒரு காப்புறுதிக் கந்தோரில் ஊழியர்கள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்பதுதான் என் முதல் ஆய்வு. வினாக்கொத்தில் நான்கு காரணங்கள் இருந்தன: நோய், குடும்பம், போக்குவரத்து, ஊக்கமின்மை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தவமணி என்ற எழுதுவினைஞர் நான்கையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'செக்பொயின்ற்' என்று எழுதியிருந்தார். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவர்களை மட்டும் இறக்கிவிட்டு, பஸ்ஸை அனுப்பிவிடுவார்கள். இதைப் போக்குவரத்தில் சேர்க்கலாமா என்று பேராசிரியரைக் கேட்டேன். "அதே பஸ்ஸில் வந்த மற்றவர்கள் நேரத்துக்கு வந்திருக்கிறார்களே. ஆய்வுக்குள் அரசியல் வேண்டாம்" என்றார். தவமணியை என் கையாலேயே ஊக்கமின்மையில் போட்டேன். அறிக்கை பெயர்ப் பட்டியலோடு நிர்வாகத்துக்குப் போனது. அவருடைய வேலையும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை.

"உங்களையும் மறிக்கிறவங்கள்தானே, மிஸ்?"

"ஓம். நான் அஞ்சரைக்கே வெளிக்கிட்டிடுவன்."

"எனக்கு ரெண்டு பிள்ளையள். ஸ்கூல் வான் ஆறரைக்குத்தான் வரும்."

தேத்தண்ணீரைத் தொடாமல் போய்விட்டார்.

என் கோபம் பேராசிரியர் மேல்தான் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். பேனை என் கையில் இருந்தது. அந்த ஆய்வைக் காட்டித்தான் இங்கே வேலை எடுத்தேன். வெட்கமில்லாமல் வருடாவருடம் அதையே படிப்பிக்கிறேன்.

இந்த வருடம் பொறுக்கவில்லை. பாடத்தை நடுவில் நிறுத்தி, பஸ்ஸைப் பற்றியும் தவமணியைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு மாணவி வேகவேகமாக எழுதினாள். பிறகு கையை உயர்த்தி, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வராது" என்றேன்.

எழுதியதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அவளைத் தமிழில் நாலு ஏச்சு ஏச என் வாய் துடித்தது. இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிற கை அதற்குள் அடுத்த ஸ்லைடைத் தட்டிவிட்டது.