அண்ணாவுக்கு வந்த கணவன் வேடம்

என் அண்ணா திரையில் இதுவரை யாரையும் முத்தமிட்டதில்லை. மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். பழுதான கணினிகளைத் திருத்தியிருக்கிறார். டாக்சியின் கண்ணாடி வழியே பின்னிருக்கையைப் பார்த்து எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். விமானநிலையமொன்றில், அதிகாரி ஒருவர் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, வசனம் ஏதுமின்றி வியர்த்திருக்கிறார். ரொறன்ரோவில் எடுக்கப்படும் தொடர்களில் மருத்துவமனைக் காட்சி வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து தொலைக்காட்சியின் முன் நிற்பார். அண்ணா நடிக்காத தொடர் என்று தெரிந்தாலும் நிற்பார்.

நான் இலக்கியம் படிக்கிறேன். ஒரு பிரதியை நிதானமாக வாசிப்பதற்கு எனக்கு முதலில் கற்றுத்தந்தது விரிவுரை மண்டபமல்ல, அண்ணா தன் வேடங்களுக்குத் தயாராகும் விதம். இரண்டு வரி பேசும் மருத்துவருக்குக்கூட அவர் ஒரு காலைப்பொழுதை உண்டாக்கிக்கொள்வார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஆகவே கட்டிலின் விளிம்பில் கைவைத்துத்தான் திரும்புவார். இன்னொருவர் மகளோடு கோபித்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தவர், ஆகவே நோயாளியின் மகளிடம் தேவைக்கு மேல் மென்மையாகப் பேசுவார். இவை எவையும் பிரதியில் இருப்பதில்லை. பெரும்பாலும் திரையிலும் இருப்பதில்லை. கமெரா அவருடைய தோளுக்கு மேலாக வேறொருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெரியாமல் போகும் என்று தெரிந்தே ஒரு வேலையை முழுமையாகச் செய்பவரை அருகிலிருந்து பார்ப்பது எனக்குக் கிடைத்த பேறு என்றே நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் நடிகர்களை முதலில் நேரில் அழைப்பது குறைவு. பிரதியிலிருந்து இரண்டொரு பக்கங்களை அனுப்புவார்கள். வீட்டிலேயே நடித்து, படம்பிடித்து, சொன்ன நேரத்துக்குள் அனுப்பிவிடவேண்டும். எதிர்ப்பாத்திரத்தின் வசனங்களைக் கமெராவுக்குப் பின்னால் நின்று யாராவது வாசிக்கவேண்டும். ரொறன்ரோவுக்கு அருகே அஜக்ஸில் எங்கள் வீட்டு நிலத்தடி பேஸ்மென்டில், சாம்பல் நிறப் படுக்கைவிரிப்பொன்றைச் சுவரில் மாட்டி, அண்ணா இதற்கென ஒரு மூலையை வைத்திருக்கிறார். அங்கே வாசிப்பவள் நான். பொலிஸ் அதிகாரியாகவும், தலைமைத் தாதியாகவும், டாக்சியில் ஏறிய குடிகாரனாகவும் வாசித்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு இலையுதிர்காலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சிறிய செலவில் இந்த நகரத்திலேயே எடுக்கப்படவிருந்த படம். பிரிந்துபோன மனைவி தன் உடைகளை எடுத்துச்செல்ல வருகிறாள், கணவன் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கிறான், இருவரும் பேசுகிறார்கள். அண்ணாவைக் கேட்டிருந்தது கணவன் வேடத்துக்கு. அவர் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இவன் என்ன வேலை செய்யிறான் எண்டு எங்கையாவது கிடக்கோ பார்."

பார்த்தேன். எங்குமில்லை.

"பாத்தியே," என்றார். "வேலையே சொல்லேல்லை. வெறும் புருசன்."

அப்படி அவர் சிரித்து நான் வெகுகாலம் பார்க்கவில்லை. ஒரு பெண் விரும்பியிருக்கக்கூடிய மனிதனாக, அவள் விட்டுப்போனால் வலிக்கக்கூடிய மனிதனாக, தன்னை யாராவது ஒருமுறை கற்பனைசெய்து பார்க்கவேண்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் நீளம் எனக்கு அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது. அவருக்கு முப்பது கடந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் அனுப்பவேண்டும். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கீழே இறங்கினோம்.

என்னால் வாசிக்க முடியவில்லை. 'நீ என்னைப் பார்ப்பாய் என்றுதான் இந்தச் சமையலறைக்குள் சும்மா சும்மா வந்துபோனேன்' என்று அந்த மனைவி சொல்கிறாள். பிரதி ஆங்கிலத்தில் இருந்தது. எந்த மொழியில் இருந்தாலும் அதை என் அண்ணாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது என் குரல் ஒடுங்கிப்போயிற்று.

"நீ அடிக்குறிப்பு வாசிக்கிறமாதிரி வாசிக்கிறாய்," என்றார் அண்ணா.

மறுபடி முயன்றோம். பேஸ்மென்டில் பேசுவது வெப்பக்காற்று வரும் குழாய் வழியாகச் சமையலறைக்குக் கேட்கும். மேலிருந்து அம்மா, கீழே அண்ணனும் தங்கச்சியும் என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டார். அத்துடன் நான் பக்கங்களை மேசையில் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் அப்பா, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வடிகட்டியை மாற்றுவதற்காகப் புதியதொன்றைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். மில்லிக்கனில் வாகன உதிரிப்பாகக் களஞ்சியமொன்றின் அலுவலகத்தில் வேலைசெய்பவர். வீட்டில் அதிகம் பேசாதவர். அண்ணாவின் தொழிலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"அப்பா, ஒருக்கா இதை வாசிச்சு விடுங்கோ," என்றார் அண்ணா.

அப்பா வடிகட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதிலை நான் ஆர்?"

"நீங்கள் என்ரை மனிசி."

அப்பா சற்று யோசித்தார். "சரி," என்றார்.

மின்கட்டண அறிவித்தலை வாசிக்கும் அதே குரலில், யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடத்தைக் கொடுத்து அப்பா வாசித்தார். நடிக்கவில்லை. நடிக்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. 'நீ என்னைப் பார்ப்பாய் என்றுதான்...' என்று அவர் தொடங்கியபோது நான் கமெராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாவின் முகத்தில் இருந்த ஆயத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்தக் குரல் அப்படியொரு வசனத்தைச் சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் பதில் சொன்னார். அப்பா அடுத்ததை வாசித்தார். இருவருக்கும் இடையில் அந்தக் கணவனும் மனைவியும் உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அப்பா ஒரு பிழை விட்டார். அடைப்புக்குறிக்குள் இருந்த மேடைக்குறிப்பையும் சேர்த்து, நிறுத்தாமல், அதே குரலில் வாசித்தார்: 'அவள் அருகில் வந்து அவன் கன்னத்தைத் தொடுகிறாள்.'

நான் சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்தேன். அண்ணா நிறுத்தவில்லை. யாரும் தொடாத கன்னத்தை மிக மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தார். கண்களை மூடினார். அவ்வளவுதான்.

கமெராவை நிறுத்தியதும், அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிக்கத் தேவையில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

"எழுதிக் கிடந்தது. வாசிச்சனான்," என்றார் அவர்.

இன்னொருமுறை எடுக்கும்படி நான்தான் வற்புறுத்தினேன். பிழையான ஒன்றை அனுப்புவது எனக்குச் சரியாகப்படவில்லை. எடுத்தோம். அப்பா குறிப்பைக் கவனமாகத் தவிர்த்து வாசித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, உயிர்மட்டும் இல்லை. அண்ணா இரண்டையும் அருகருகே போட்டுப் பார்த்தார். பிழை இருந்ததையே அனுப்பினார்.

அப்பா பழைய வடிகட்டியைக் கழற்றிக்கொண்டு படியேறும்போது திரும்பி நின்றார்.

"அவள் திரும்பி வருவாளோ?"

"தெரியாதப்பா. எங்களுக்கு ரெண்டு பக்கம்தான் அனுப்பினவை."

"வந்தால் நல்லது," என்றுவிட்டு மேலே போனார்.

நேரில் வரும்படி அழைப்பு வந்தது. அந்த இடம் என் பல்கலைக்கழகத்துக்கு அருகில் என்பதால் நானும் அண்ணாவோடு ரயிலில் போனேன். வெள்ளைக்கார நடிகர்களே நிறைந்திருப்பார்கள், தான் ஒப்புக்கு அழைக்கப்பட்டவன் என்றுதான் அண்ணா வழியெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தார். காத்திருக்கும் அறையின் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். சீனர்கள், கொரியர்கள், பஞ்சாபிகள், எங்கள் ஆட்களில் ஒருவர். பல ஆண்டுகளாக டாக்சி ஓட்டுநர் வேடத்துக்கும் மருந்தாளர் வேடத்துக்கும் இதே போன்ற அறைகளில் ஒருவரையொருவர் சந்தித்துவந்தவர்கள். கடைசி நாற்காலியில் அண்ணாவின் நெருங்கிய நண்பர், பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர், இருந்தார். இருவரும் ஒரு தொடரில் அம்புலன்ஸ் ஊழியர்களாக ஒரே ஸ்ட்ரெச்சரின் இரு முனைகளையும் பிடித்தவர்கள்.

அன்று ஒருவரும் வெள்ளைக் கோட்டுக்கோ சீருடைக்கோ பொருந்தும்படி வந்திருக்கவில்லை. வீட்டில் இருக்கும் கணவன்மாராக வந்திருந்தார்கள். ஒருவர் பலமுறை தோய்த்து மென்மையாகிவிட்ட சாம்பல் ஸ்வெட்டர் அணிந்திருந்தார். ஒருவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். ஒருவர் கண்ணை மூடி, உதடு அசைய, எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்த வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகான மனிதர்கள் என்று எனக்குத் தோன்றியது. அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிறவள் நான். இந்த முகங்களை அந்தக் கண்ணோடு பார்க்கும்படி எந்தத் திரையும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே யாராவது மயங்கி விழுந்தால் பயமில்லை, அறை நிறைய மருத்துவர்கள் இருக்கிறோம், ஊசி போடத்தான் ஒருவருக்கும் தெரியாது என்று அந்த நண்பர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்பது சிரித்த எல்லோருக்கும் தெரியும்.

அது நண்பருக்குக் கிடைத்தது.

இரவுச் சாப்பாட்டில் அண்ணா ஒரே வாக்கியத்தில் சொல்லிமுடித்தார். அவர்களுக்குக் கண் பொட்டையோ என்று அம்மா கேட்டார். ஆருக்குக் கிடைத்தது என்று அப்பா விசாரித்தார். சொன்னதும், "அந்தப் பெடியனே? நல்ல பெடியன்," என்றுவிட்டு, அண்ணாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

சில நாட்கள் அண்ணா பேஸ்மென்டுக்கு இறங்கவில்லை. காரைத் தேவையில்லாமல் இரண்டுதரம் கழுவினார். பிறகொரு நாள் நண்பருக்குத் தொலைபேசி எடுத்து நீண்டநேரம் பேசினார். வாழ்த்தியது முதல் நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டும், மீதி நேரமெல்லாம் அந்தக் கணவனைப் பற்றியே பேச்சு. வைத்ததும் தன் முகவரை அழைத்தார். மருத்துவர் வேடங்களை மறுக்கப்போவதில்லை என்றும், ஆனால் இனிக் கணவன், காதலன், விவாகரத்தானவன் என்று எது வந்தாலும் அதற்கும் தன் பெயரை அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சரியாக எழுதப்பட்ட வாக்கியம்போல இருந்தது அது.

படம் இந்த வசந்தகாலத்தில் நகரின் நடுவிலுள்ள சிறிய திரையரங்கொன்றில் ஓடியது. நாங்கள் நால்வரும் போனோம். முத்தக் காட்சியொன்று வந்தபோது அம்மா கைப்பையில் எதையோ தேடினார். நண்பர் நன்றாக நடித்திருந்தார். அண்ணா நடித்துக்காட்டிய கணவன் பிரிவுக்குப் பிறகும் நம்பிக்கையோடு இருந்தவன். நண்பர் நடித்த கணவன், அவள் திரும்பி வரமாட்டாள் என்று ஏற்கெனவே தெரிந்தவன். இரண்டும் பிரதிக்குள் இருந்தன.

சமையலறைக் காட்சி வந்தது. கமெரா நண்பரின் முகத்திலிருந்து விலகவேயில்லை. அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த நீண்ட நேரம் முழுவதும் அந்த முகம் திரையை நிறைத்திருந்தது. அப்போது அண்ணா என் முழங்கையைத் தட்டினார். எங்களுக்கு முன்வரிசையில் தனியாக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியைக் கண்ணால் காட்டினார். அவள் கழுத்துத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்காக அழுறா பார்," என்றார் தாழ்ந்த குரலில்.

அந்தக் குரலில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். எதையும் வரிக்கு வரி பார்க்கிற பழக்கம் எனக்கு. கொஞ்சம் இருந்தது. அதைவிட மிகுதியாக, புதிய செய்தியொன்றைக் கேட்டவனின் வியப்பு இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, முன்னால் சாய்ந்து, படம் முடியும்வரை திரையைவிட அந்தப் பெண்ணையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.