கெல்டிக் வீட்டுப் பெண், செல்டிக் வீட்டு மருமகள்

ஸ்காட்லாந்தின் பாரா தீவில் மீன் பிடித்த ருவாரியின் நாலாவது மகள் எஃபி. ருவாரிக்கு அப்பா டோனல், டோனலுக்கு அப்பா கறுத்த நீல். தீவில் பாதிப்பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்றே என்பதால் ஆளை இப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எஃபி கிளாஸ்கோவுக்கு வந்து டிராமில் கண்டக்டர் ஆனாள். டிராம் ஓட்டிய டெஸ்மண்டுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போனது. அவன் அப்பா ஹியூ கல்லஹர் தலையசைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஹியூ வீட்டில் கொத்துக்கறியும் மசித்த கிழங்கும் வைத்தார்கள். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று எஃபி கேட்டாள்:

"நேத்து கால்பந்துல உங்க கெல்டிக் ஜெயிச்சாங்களாமே?"

ஹியூவின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

"கெல்டிக்."

"டேய் டெஸ்மண்ட், எங்கடா பிடிச்சே இவளை? ரேடியோக்காரன்தான் அப்படிச் சொல்லுவான், இல்லேன்னா எதிரணி நீலச் சட்டைக்காரன் நம்மளை வெறுப்பேத்தச் சொல்லுவான். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே நீ?"

கிளாஸ்கோவில் பள்ளிக்கூடத்தைக் கேட்டால் கத்தோலிக்கக் கோயிலா, புராட்டஸ்டண்ட் கோயிலா என்று கேட்பதாக அர்த்தம். எஃபிக்கு அது தெரியாது.

"எங்க பக்கம் ஒரே பள்ளிக்கூடம்தாங்க. எங்க தீவு பாஷையில அந்த 'C' எழுத்து எங்க வந்தாலும் ககரந்தான். இங்க மட்டும் ஏன் சகரம்?"

"எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"அவரு சேக்காளிங்க."

"உங்க தாத்தா?"

"அவர் அயர்லாந்துல, டொனிகால்ல ஆடு மேய்ச்சவரு. ஐரிஷ் தவிர ஒண்ணும் தெரியாது. அவருக்கு ஏது பந்தும் மைதானமும்!"

"ஐரிஷும் எங்க பாஷையும் அக்கா தங்கச்சி. அவர் வாயில அந்த வார்த்தை எப்படி வந்திருக்கும்?"

ஹியூ முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். அவர் மனைவி பெர்னடெட் கிழங்குச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சொல்லுங்களேன், பெரிய மனுஷா. உங்க தாத்தாவும் ரேடியோக்காரரா?"

டெஸ்மண்ட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இப்போது எழுந்து போனால் எல்லாம் முடிந்தது.

எஃபி மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தோணுதுங்க. எழுதறது ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற. ஜனங்க கெல்டிக். உங்க ஆட்டக்காரங்க செல்டிக். ஒரு ஊர் கூடி வெச்ச பேரை நான் வந்து திருத்த முடியுமா? நான் பிறந்தது அதுல. வாழ்க்கைப்பட வந்தது இதுல."

"இப்பச் சரியா சொன்னே," என்றார் ஹியூ. ஆனால் தலையை அசைக்கவில்லை. "சனிக்கிழமை மைதானத்துக்கு வா."

போனாள். முதல் கோல் விழுந்ததும் தன் பாஷையில் என்னவோ கத்தினாள். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்து, "யாருப்பா இந்தப் பொண்ணு, என்ன பேசுறா?" என்றான்.

"நம்ம டெஸ்மண்ட் கட்டிக்கப் போறவ," என்றார் ஹியூ. "நிஜமான கெல்டிக். வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு."