நம்மட கொக்கு

ஈரமான ரப்பர் விரிப்பின் மணமும், வியர்வை ஊறிய கையுறைகளின் புளித்த வாடையும், மூலைக் கடையில் பொரியும் உருளைக்கிழங்கின் எண்ணெய்ப் புகையும் ஒன்றாகி, குளிரோடு கலந்து மூக்கில் வந்து இடிக்கும் ஒரு வாடை இருக்கிறது. ஐஸ் அரங்கு எந்த ஊரில் இருந்தாலும் கதவைத் திறந்தவுடன் அதுதான் அடிக்கும் என்கிறார்கள். எனக்கு அது, சிட்னிக்குத் தெற்கே நாங்கள் வந்து குடியேறிய டண்டினொங்கின் வாடை. களஞ்சியங்களுக்குப் பின்னால், லொறிகள் முன்னும் பின்னும் போய்த் திரும்புகிற ஒரு முடுக்கில், தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்றுக்குள் இருந்த அரங்கில்தான் என் பத்து வயதின் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. அங்கே ஓர் ஐஸ் ஹொக்கி அணி இருந்தது. இன்றைக்கு அந்த அணிக்கு மினுமினுப்பான ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நாங்கள் இல்லை.

அப்பா அப்போது உறைகுளிர்க் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தார். மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும் மண்டபம் அது, வீட்டில் அதை "ஃபிரீசர்" என்போம். வேலை முடிந்து வந்தால் உடுப்பு மாற்றுவதற்கு முன்னரே குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுப்புப் பக்கம் விரல்களை நீட்டியபடி இருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஹொக்கி பார்க்கப் போவதாகச் சொன்னார். அவரோடு வேலை செய்த டேரன் என்ற வெள்ளைக்காரர் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர். பெயருக்குத் தொழில்முறை அணிதான். கனடாவிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளம் உண்டு, டேரனைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் கிழமை முழுவதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து அடி வாங்குவார்கள். பார்க்க ஆட்கள் வருவதில்லை. ஆட்கள் உட்காராத வெறும் வாங்குகளுக்கு முன்னால் விளையாடி அலுத்துப்போன டேரன், தன்னோடு வேலை செய்த தமிழர்களுக்கெல்லாம் ரிக்கற்றுகளைச் சும்மா அள்ளிக் கொடுத்தார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் ஹொக்கி விளையாடியவர். ஹொக்கி என்றால் புல்லுத் தரை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காலுறை இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய், ஐஸ் பரப்பைக் கண்டு திகைத்து, கால் விரல்கள் விறைக்க விறைக்க முடியும் வரை இருந்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்த கிழமையும் புறப்பட்டதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கிழமை முழுக்கக் குளிருக்குள்ள நிண்டது காணாதெண்டு, ஞாயிறும் காசில்லாமப் போய் விறைக்கப் போறீங்களோ?"

அப்பா வேலைக்குப் போடும் நீல நிறத் தடித்த ஜக்கெற்றை எடுத்து மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருடைய கூட்டாளிகளும் அதே ஜக்கெற்றோடு வந்திருந்தார்கள். ஒரே நீலமாக வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களை அரங்கின் வேலையாட்கள் என்று நினைத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று வெள்ளைக்காரர்கள் வந்து கேட்டார்கள். அப்பாவும் எழுந்து நின்று மரியாதையாக வழி காட்டினார். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அணியின் பெயர் "கொக்கட்டூஸ்". டேரன் வாயில் பல்காப்பை வைத்துக்கொண்டு சொன்னது அப்பாவின் காதில் "கொக்கு" என்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அது "கொக்கு ரீம்". கொக்கட்டூ என்பது வெள்ளைக் கிளி, எங்கள் தெருவில் மின்கம்பியில் தொங்கிக்கொண்டு விடியற்காலையில் கத்துகிறதே அதுதான் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைப் பறவைதானே" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்தப் பிழை அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அப்பாவின் கூட்டாளிகளில் சிவா அங்கிள் என்று ஒருவர் இருந்தார், மட்டக்களப்புக்காரர். ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், இங்கே வந்து பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். அணிக்கு ஒரு பதாகை செய்வோம் என்று அவர்தான் தொடங்கினார். அம்மா புதிதாக வாங்கி வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு எங்கள் கராஜின் சிமெந்துத் தரைக்கு வந்தது. அதில் ஒரு கொக்கு எழுந்தது. கிளி இல்லை, அசல் கொக்கு. ஒற்றைக் காலில் நின்றது. அலகில் ஒரு ஹொக்கி மட்டையைக் கவ்வியிருந்தது. மட்டக்களப்பு வாவியில் அது இப்படித்தான் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே, இறகு இறகாகச் சாம்பல் நிறம் தொட்டு வைத்தார்.

கொக்குக்கு மேலே என்ன எழுதுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. "எங்கட கொக்கு" என்று எழுதச் சொன்னார் அப்பா. யாழ்ப்பாணத்து வாய்க்கு எல்லாமே "எங்கட"தான். சிவா அங்கிள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கட எண்டா நாங்க மட்டும்தான் அண்ணன். நம்மட எண்டா பாக்கிற ஆக்களும் சேத்தி."

"பாக்கிற வெள்ளையள் தமிழ் வாசிக்கவே போறாங்கள்?" என்று அப்பா சிரித்தார்.

"வாசிக்காட்டி என்ன? சேத்தி எண்டா சேத்திதானே."

தூரிகை அவர் கையில் இருந்தபடியால் அவர் சொன்னதுதான் நடந்தது. "நம்மட கொக்கு" என்று சிவப்பில் பெரிதாக எழுதினார். கீழே ஓரத்தில் சின்னதாக "சிவா, டண்டினொங்" என்று தன் பெயரையும் போட்டார்.

பதாகையை விரித்த அன்று அரங்கில் இருந்த கொஞ்சப் பேரும் சிரித்தார்கள். கிளி அணிக்குக் கொக்குப் படம் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு நீலக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்குப் பார்த்து, கோல் அடித்தே பழக்கமில்லாத டேரன் எங்கிருந்தோ ஒரு கோல் அடித்துவிட்டார். அடித்தவர் நேராக எங்கள் பக்கம் சறுக்கி வந்தார், பதாகையை நிமிர்ந்து பார்த்தார், மட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கி நின்றார். ஐஸ் மேல் கூரான கத்திச் சப்பாத்தோடு அப்படி நிற்பது லேசான காரியம் இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது. அப்பா என்னைத் தூக்கி வாங்கின் மேல் நிறுத்தினார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு யார் கோல் அடித்தாலும் ஒற்றைக் கால்தான். கனடாக்காரர்களும் நின்றார்கள். எங்கள் ஆட்கள் "கொக்கு, கொக்கு" என்று தொடங்கினால் எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரர்களும் "கொக்கூ" என்று இழுத்துக் கத்தினார்கள். பக்கத்து ஊரான கிரான்பர்னிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்தார்கள். திட்டிக்கொண்டிருந்த அம்மாவே ஒரு ஞாயிறு இஞ்சித் தேநீரும் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸும் கொண்டு வந்து, யார் எவர் என்று பாராமல் வரிசை முழுவதற்கும் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் என்னைக் கண்டதும் ஒற்றைக் காலில் நின்று காட்டினார்கள். நீங்கள் எந்த நாடு, எப்போது வந்தீர்கள் என்று அந்த வாங்கில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இந்த ஊர்க்காரராக இருந்தோம். அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஆட்கள் சேர்ந்தால் எதுவும் விலைப்படும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. வாங்குகள் வெறுமையாகக் கிடந்தவரை எட்டிப் பார்க்காதவர்கள், அவை நிரம்பியதும் வந்தார்கள். அணி கைமாறியது. புதியவர்கள் வந்து முதலில் செய்த வேலை, வெளிச் சாப்பாடு கொண்டு வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியது. அம்மா ரோல்ஸ் பெட்டியை வாசலிலிருந்தே திருப்பிக் கொண்டு போனாள். அடுத்து, பதாகைகள் எல்லாம் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும், விளையாட்டன்று அவர்களே கட்டுவார்கள் என்றார்கள். நல்லதுதானே, பத்திரமாக இருக்கும் என்று அப்பா தன் கையாலேயே மடித்துக் கொடுத்தார். அதற்கடுத்த குளிர்காலம் வருவதற்குள், அணி சிட்னிக்குப் போகிறது என்று டேரன் ஃபிரீசருக்குள் வைத்து அப்பாவிடம் சொன்னார். அவரையும் அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அப்பாவும் சிவா அங்கிளும் பதாகையைத் திருப்பிக் கேட்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். பொருட்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த இளைஞன், சுவரில் தொங்கியது எல்லாம் அணியின் சொத்து என்றான். அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அது என் மனைவியின் படுக்கை விரிப்பு என்று சொன்னார். இளைஞன் அதைப் பகிடி என்று நினைத்து நன்றாகச் சிரித்தான், அப்பாவின் தோளில் தட்டியும் கொடுத்தான். அப்பா அதே வாக்கியத்தை இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார். அவன் அப்போதும் சிரித்தான். சிவா அங்கிள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் காதில் கேட்கிறது.

அப்பா அதன் பிறகு ஐஸ் ஹொக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. டேரனுக்கு முழங்கால் போனது. சிவா அங்கிள் சில வருடங்களுக்கு முன் கிரான்பர்னில் காலமானார். இங்கே வந்த பிறகு அவர் தூரிகை தொட்டு வரைந்த பெரிய படம் அது ஒன்றுதான் என்று அவருடைய மனைவி செத்தவீட்டில் சொல்லி அழுதார்.

நான் இப்போது சிட்னியில் இருக்கிறேன். ஞாயிறுகளில் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போவதோடு என் பக்தியும் பொழுதுபோக்கும் முடிந்துவிடும். போன மாதம் மகளின் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பிறந்தநாளை ஐஸ் அரங்கில் வைத்தார்கள். கதவைத் திறந்ததும் அதே வாடை. உள்ளே சுவர் முழுவதும் கொக்கு. தொப்பியில் கொக்கு, பனியனில் கொக்கு, ரிக்கற்றில் கொக்கு. கொக்கட்டூஸ் என்ற பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆங்கிலத்தில் கொக்கின் பெயரையே அணிக்கு வைத்திருக்கிறார்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் அணியின் வரலாற்றைப் பலகை பலகையாக வைத்திருந்தார்கள். தெற்கே சில ஆரம்ப வருடங்கள் என்று அரை வரி. சிட்னியின் சதுப்பு நிலங்களைப் பார்த்து ஒரு நிறுவனம் வடிவமைத்த பறவை என்று ஒரு பலகை. ஒற்றைக் கால் கொண்டாட்டத்தைத் தொடக்கிவைத்த கனடா வீரர் என்று ஒரு படம். கடைசியில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அம்மாவின் படுக்கை விரிப்பு.

சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. கொக்கு அப்படியே நின்றது. கீழே ஒரு சின்ன அட்டை: ஆரம்பகால ரசிகர் ஓவியம், அலங்கார எழுத்துகளுடன், வரைந்தவர் பெயர் தெரியவில்லை. அட்டைக்கு ஒரு சாண் மேலே "சிவா" என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது. டண்டினொங்கைச் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், அது அலங்காரம் இல்லை, தமிழ் என்றேன். வரைந்தவரின் பெயரையும் சொன்னேன். எவ்வளவு அழகான கதை என்று அவள் உண்மையாகவே மகிழ்ந்து, அலுவலகத்துக்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. அட்டை மாறவில்லை.

அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். அவருக்கு இப்போது விரல் நுனிகளில் உணர்வு குறைவு, போனை அம்மாதான் பிடித்துக் காட்டுவாள். பார்த்துவிட்டுப் போனிலேயே கேட்டார்.

"சிவாவின்ர பேர் தெரியுதோ?"

"ஓம் அப்பா."

"அப்ப காணும்."

அவருக்கு அது போதும். எனக்குக் காணாது.

அன்று அரங்கிலிருந்து காரில் திரும்பும்போது, அந்தப் பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் கேட்டாள். வாசித்துக் காட்டினேன். "நம்மட" என்றால் எங்களுடையது மட்டும் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களையும் சேர்த்துச் சொல்வது, ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் இல்லை என்று விளக்கினேன். அவள், அப்படியென்றால் அது அவர்களுடையதும்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேள்வியில் பிழையில்லை. சிவா அங்கிள் அவர்களையும் சேர்த்துத்தான் எழுதினார். இன்றைக்கு அந்த விரிப்பையும் தூரிகையையும் யாராவது என் கையில் தந்தால், நான் "எங்கட" என்றுதான் எழுதுவேன்.