பதினொரு நிமிடப் பதிவு

அம்மாவின் கடைசிப் பதிவு பதினொரு நிமிடம். அதில் முப்பத்தாறு இடங்களில் இருமுகிறாள். வானொலியில் போடுவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இருமலை எல்லோரும் கேட்பதை என்னால் தாங்க முடியாது.

நான் ஒலிப் பொறியாளர். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்த்தவள். ஆற்றோரத்திலிருந்து எங்களைக் கிளப்பி இந்த அடுக்குமாடிகளில் கொண்டுவந்து போட்டபோது யாருக்கும் யாரையும் தெரியவில்லை. திருட்டு நடந்தால் மட்டும் செய்தித்தாளில் எங்கள் பேர் வரும். அம்மாவும் நான்கு பெண்களும் அலைந்து அனுமதி வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த அறையில் எதிரொலி வராமல் போர்வைகளைத் தொங்கவிட்டு வானொலி தொடங்கினார்கள். ஐந்து கிலோமீட்டர் எட்டும். வேலை முடிந்து வந்து அம்மா ஏதாவது ஒரு கதவைத் தட்டுவாள். அந்த வீட்டாரைப் பேசவைத்து வாசலிலேயே பதிவு செய்வாள்.

ஒருமுறை தையல்கார அத்தையின் பேச்சை நான் சுத்தம் செய்து ஒலிபரப்பினேன். குழாய்ச் சத்தம், குழந்தை அழுகை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் போயிற்று. மறுநாள் அத்தை அறைக்கே வந்துவிட்டார்.

"ஏண்டி, நான் எங்க வீட்டுல பேசினேனா, கெணத்துக்குள்ள இருந்து பேசினேனா?"

"இரைச்சலைத்தான் அத்தை எடுத்தேன்."

"இரைச்சலா? அது எம் பேத்திடி!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பழையபடியே போடு. மைக்குல மன்னிப்பும் கேளு" என்றாள். கேட்டேன்.

கடைசிப் பதிவு, படிக்கட்டுக்கு அடியில் செருப்பு தைப்பவருடையது. அம்மாவின் அடக்கம் முடிந்து பத்தாம் நாள் அவர் வந்தார்.

"எம் பேச்சு எப்பம்மா வரும்?"

"அம்மா ரொம்ப இருமுறாங்கண்ணே. அத வெட்டிட்டிருக்கேன்."

வெட்டியதைப் போட்டுக் காட்டினேன். அவர் பேசும்போதே அம்மா இருமியிருந்தாள். இருமலோடு அவர் சொற்களும் போயிருந்தன. தலையைக் குனிந்து கேட்டார்.

"முப்பது வருஷமா எல்லார் காலையும் பாக்குறேன். எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டது அக்கா மட்டுந்தான். இதுல பாதி ஆளத்தாம்மா காணோம். எனக்கு அவசரமில்ல. எப்பப் போட்டாலும் முழுசாப் போடு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெட்டாததைப் போட்டேன். ஏழாவது நிமிடத்தில் இருமல் நிற்கவேயில்லை.

"தண்ணி குடிங்கக்கா, அப்புறம் பேசலாம்."

"என்னைய விடுங்க. மொத மொத யாருக்குத் தச்சீங்க?"

"எம் பொண்டாட்டிக்கு. ரெண்டுமே எடது காலு."

அம்மா சிரிக்கிறாள். சிரிப்பு இருமலாகிறது. வெளியே மாடி மாடியாகச் சிரிப்பு கேட்டது. எழுந்து கதவைத் திறந்து வைத்தேன்.