அஞ்சலையின் பெயரை எடுக்க வேண்டாம்

நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான். எழுதுவதற்கும் என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பெண் என்ற துணிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதப் புயல் கரை கடந்த மறுநாள் காலை, விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செய்தி சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் காயப்போட்ட சரக்கை மூடப் போன அஞ்சலை அக்கா மேல் கொட்டகைச் சுவர் விழுந்துவிட்டது. கூடவே இன்னொரு பேச்சும் வந்தது. "சுவரு வுழுந்து செத்தவ, ராசி கெட்டவ, அவ பேர இனிமே வூட்டுல எடுக்காதீங்க" என்று அவர் தம்பி தனபால் வீட்டில் உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டாராம். அந்தப் பேச்சுக்குப் பதில்தான் இது.

எங்கள் பீங்கான் கம்பெனியில் அக்காவுக்குக் காயப்போடும் களம். எனக்கு ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. சூளையில் சுடாத பொம்மையும், கரண்ட் பியூஸ் மாட்டுகிற பீங்கான் கேரியரும் நனைந்தால் மறுபடி சேறுதான். அதனால் ரேடியோவில் புயல் என்றாலே அக்கா என்னிடம் வந்து நிற்பார். ஒருமுறை பேப்பரில் படித்ததைச் சொன்னேன். அமெரிக்கா பக்கத்துப் புயல்களுக்கு முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் உண்டு. எழுத்து வரிசையில், ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வரும். ஆறு வருடம் கழித்து அதே பட்டியல் திரும்பும். பெரிய அழிவு செய்த புயலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அதே எழுத்தில் வேறொன்று போடுவார்கள். ஆண்ட்ரூ என்ற பெயர் அப்படித்தான் போனது. ஒரு காலத்தில் பெண் பெயர்களை மட்டுமே வைத்தார்கள் என்றும் சொன்னேன்.

"ஏண்டி, கூரையப் பிச்சிட்டுப் போறதெல்லாம் பொம்பளையா? நம்ம புயலுக்கு என்னா பேரு?"

"பேரே கெடையாதுக்கா. நம்ம பக்கம் இன்னும் அந்த வழக்கம் வரல."

"அப்ப நாம வைப்போம். எல்லாம் ஆம்பள பேரு."

முதல் பெயரை அவரே கொடுத்தார். முருகேசன்; அவரை விட்டுப் போன கணவரின் பெயர். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் நிறைந்த களத்தில் அதை உரக்கச் சொன்னார். அந்தப் புயல் கடலிலேயே வலுவிழந்தது. "வரேன்னு சொல்லிட்டு வராமப் போறதுதான அவன் பொழப்பு" என்றார்.

பிறகு முறை வைத்து எல்லார் வீட்டுக்காரர் பெயரும் வந்தது. வானம் கறுத்தால் அந்தந்த மனைவிதான் கத்த வேண்டும் என்பது அக்காவின் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து 'அவரு' என்றே சொல்லிவந்த ராணி, "கோவிந்தன் வரான், தார்ப்பாய இழுங்க!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆபீஸ் ஜன்னலில் நின்று நானும் சத்தமாகச் சிரித்தேன். எனக்கு அது பழக்கமில்லை.

அந்தப் புயல் கம்மாபுரம் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது. களம் கூடி கோவிந்தன் என்ற பெயரை எடுத்தது.

"அவரு என்னாக்கா பண்ணாரு?" என்று ராணி கேட்டாள்.

"உசுர வாங்குன புயலுக்கு வச்ச பேரு திரும்ப வரக் கூடாது. யாரு புருஷனா இருந்தாலும் சரி."

உயிரை வாங்கிய புயலின் பெயரைத்தான் எடுப்பார்கள். அக்கா யார் உயிரையும் வாங்கவில்லை. அவர் ராசியாலும் அந்தச் சுவர் விழவில்லை, ஊறிப்போயிருந்தது, விழுந்தது. அவரைக் கொண்டுபோன புயலுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம். அவர் பெயரை எதற்கு எடுக்க வேண்டும்? அஞ்சலை. களத்தில் நின்று சொல்கிறேன், தெருவிலும் சொல்வேன். சொல்லக் கூடாது என்கிற பெயரை உரக்கச் சொல்லும் குரல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

அந்தக் குரலில் ஒன்று கேட்கிறேன். தனபால் அண்ணா, அண்ணி, இந்த வாரம் உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கு அத்தையின் பெயரை வையுங்கள்.