நெற்றியில் வாங்கிய குத்துகள்

குத்துச்சண்டைக்காரர்களில் கல்லுமண்டைக்கு நிகர் கல்லுமண்டைதான். யார் தயவிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் மேலே வந்த மனிதர். எந்தக் கிடங்கில் மூட்டை தூக்கினாரோ அதே கிடங்கை விலைக்கு வாங்கிப் பயிற்சிக்கூடம் ஆக்கினார் என்றால் சும்மாவா? அவர் தோற்ற ஒரே சண்டை பள்ளிக்கூடத்தோடு போட்டது. மூன்றாம் வகுப்பிலேயே ஆள் அவுட்.

அவருடைய வித்தை ஊரறிந்தது. குத்து வந்தால் மற்றவர்கள் முகத்தை விலக்குவார்கள். இவர் தாடையை இறக்கி நெற்றியை நீட்டுவார். ஊர்ப் பந்தயங்களில் வெறுங்கையால் அடித்துக்கொண்ட காலம் அது. நெற்றி எலும்பில் மோதி எதிராளியின் கைமுட்டிகள் நொறுங்கும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அலறும்போது விலாவில் ஒன்று இறக்குவார், கதை முடிந்தது. பிறகு கையுறை வந்தது. எதிராளியின் கைக்கு மெத்தை கிடைத்தது, முட்டி உடைவது நின்றது. இவர் மட்டும் நெற்றியை நீட்டுவதை நிறுத்தவில்லை. "ஓடு உடையலயே, உள்ள இருக்கறதுக்கு என்ன ஆயிடப்போகுது?" என்பார். மகனுக்கும் அதையே பழக்கினார்.

அறுபதைத் தாண்டியதும் முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. அப்புறம் கோபம் வந்தது. மேடைக்கு வெளியே எவர்மீதும் கை ஓங்காதவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதாகச் சொன்ன மனைவியின் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "யாரு உன்ன அடிச்சது? ஆளக் காட்டு" என்றார். அடி வாங்கியபோது அழாத அந்த அம்மாள் அப்போதுதான் அழுதார்.

மகன்தான் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனான்.

"ஐயா, நரம்புக்குள்ள நுண்ணிய குழாய் ஓடுது" என்றார் அந்தப் பெண் மருத்துவர். "அதைப் பிடிச்சு நிறுத்தற புரதத்துக்கு 'டௌ'னு பேரு. மண்டை திரும்பத் திரும்பக் குலுங்கினா அது பிடிய விட்டுடும். மடிப்பு மாறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கெட்டது பக்கத்துல இருக்கற நல்லதையும் இழுத்துக் கெடுக்கும். கட்டி பெருகப் பெருக நரம்பு சாகும். ஸ்கேன்ல உறுதியா பாக்க முடியாது. ஆனா உங்க மறதியும் கோபமும் அதைத்தான் காட்டுது."

கல்லுமண்டை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சண்டை பாக்க வந்த கூட்டம் மாதிரியா டாக்டரம்மா? ஒழுங்கா உக்காந்திருக்கறவங்கள்ல ஒருத்தன் பக்கத்து ஆளு சட்டையப் பிடிப்பான். அவன் அடுத்தவனப் பிடிப்பான். அப்புறம் மண்டபமே நாசம்."

"அதேதான். பிரிச்சுவிட இன்னும் மருந்தில்ல."

"என்ன விடுங்க. இவன் மண்டை?"

"இனிமே அடி வாங்காம இருந்தா நல்லது."

மகனுக்கு அடுத்த மாதம் பட்டத்துக்கான சண்டை. வெளியே வந்ததும் சிரித்தான். "வயசானா பயம் வந்துடுமாப்பா? உங்க நெத்தி சம்பாதிச்ச சோத்துல வளந்தவன் நான்."

"தின்னது போதும். கையத் தூக்கி மூஞ்சிய மூடக் கத்துக்க."

"மூஞ்சிய மூடறவன் கோழைனு சொன்னது யாரு?"

பேச்சில் அவரை மடக்கிவிடலாம், கையுறை மாட்டினால் முடியாது. அன்று மாலையே மகனை மேடை ஏற்றினார். மகனின் தலை இறங்கியபோதெல்லாம் அதைத் தொடாமல் விலாவில் குத்தினார். ஒன்று வாங்கி மூச்சடைத்தான், இன்னொன்று வாங்கிக் கயிற்றில் சாய்ந்து வாந்தி எடுத்தான். மறுபடி வந்து நெற்றியைத்தான் நீட்டினான். அப்பன் பிடிவாதம் மகனுக்கு இல்லாமல் போகுமா?

"ஏங்க, போதுங்க" என்றார் கயிற்றருகே நின்ற மனைவி.

அதற்குள் அவர் பார்வை மாறியிருந்தது. "என் கூடத்துக்கே வந்துட்டியா நாயே" என்று பல்லைக் கடித்தார். விலாவை விட்டுவிட்டார். நீட்டிய நெற்றியிலேயே இடதும் வலதுமாகக் குத்து விழுந்தது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மகனின் முழங்கால் மடங்கியது.

"தம்பி, அவருக்கு உன்ன அடையாளம் தெரியலடா" என்றார் தாய். "கையத் தூக்கு."

மகன் நிமிர்ந்து அப்பாவின் கண்ணைப் பார்த்தான். அதில் அவன் இல்லை. அங்கே நின்றது எந்தக் காலத்து எதிராளியோ. பிறந்ததிலிருந்து எந்தக் குத்துக்கும் பயப்படாதவன் அந்தக் கண்ணுக்குப் பயந்தான். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டினான்.

அடுத்த குத்து கையுறையில் விழுந்தது. அதற்கடுத்ததும் அங்கேதான். இடைவெளி தேடித் தேடி அடித்தார், கிடைக்கவில்லை. மூச்சிரைக்க ஓரடி பின்வாங்கி, அவனை மேலும் கீழும் அளந்தார்.

"நல்லாத்தான் மறைக்கிற. யாரு சொல்லிக்குடுத்தது?"

"எங்கப்பா" என்றான்.

"கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் மீண்டும் பாய்ந்தார். மகன் கையை இறக்கவில்லை.